பெயர் பொறித்த புகையடுப்பு

ஈஸ்டர் ஞாயிறன்று, இறைச்சியை விறகுப் புகையில் வேகவைக்கும் எங்கள் பழைய புகையடுப்பின் அடித்தகடு கழன்று விழுந்தது. தணல் முழுவதும் புல்லில் கொட்டியது. இறைச்சிக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிரூவிட் குடும்பத்து அடுப்பிலிருந்து பாழான இறைச்சி ஒரு தட்டுகூட வெளியே போனதில்லை.

எங்கள் ஊரில் ஜூன் பத்தொன்பதாம் தேதி, எங்கள் கறுப்பின முன்னோரின் அடிமைத்தளை அறுந்த நாள் விருந்துக்குச் சபையில் பரிமாறப்படும் மாட்டு நெஞ்சுக்கறி எங்கள் கொல்லையில்தான் வேகும். பாட்டு மற்றவர்கள் பொறுப்பு, ஜெபம் பாஸ்டர் பொறுப்பு, கறி எங்கள் பொறுப்பு. டெக்சஸின் இந்தப் பகுதியில் ஒரு குடும்பத்தைப் பற்றி நாலு பேர் என்ன பேசுவார்கள் என்பதை அந்த ஒரு தட்டு தீர்மானிக்கும்.

ஈஸ்டர் அன்று சாப்பாட்டு மேசையில் என் மருமகன் லெமுவேல் கேட்ஸ் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சார், அந்தத் தகட்ட நான் வெல்டிங் வச்சு ஒட்டித் தரட்டுமா?"

"நீங்க மாட்டுப் பண்ணைக்கு கேட் ஒட்றவரு, மிஸ்டர் கேட்ஸ். இது கேட் இல்ல."

என் மகள் ஆர்டெல் கையிலிருந்த முள்கரண்டியைத் தட்டில் வைத்தாள். என் மனைவி ஒனீடா மேசைக்கடியில் என் காலை மிதித்தாள்.

மிதிக்கக் காரணம் இருந்தது. ஆர்டெல் இரண்டாவது கல்யாணமாக இந்த லெமுவேலைக் கட்டிக்கொண்டபோது நான் கல்யாணத்துக்குப் போகவில்லை. ஐம்பது வயதுக்காரர், சொந்த நிலம் கிடையாது, எங்கள் சபையும் அல்ல. அதற்குப் பிறகு அவள் பல வருஷம் இந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. போன கிறிஸ்துமஸுக்குத்தான் திரும்பி வந்தாள். வந்தவளை ஒனீடா கட்டிப்பிடித்துக்கொண்டு நின்ற கோலத்தை நான் பார்த்தேன்.

புது அடுப்பு ஒன்றைத் தேடி நானே புறப்பட்டேன். நெடுஞ்சாலைக் கடையில் ஒரு இளைஞன் மின்சாரத்தில் ஓடுவதைக் காட்டினான். மரத்தூள் உருண்டையைக் கொட்டிவிட்டால் போதுமாம்.

"நீங்க நிம்மதியாத் தூங்கலாம் சார். கறி வெந்ததும் போன் கூப்பிடும்."

"தூங்கறதுக்கு எங்கிட்ட கட்டில் இருக்கு, தம்பி."

ஆற்றுப்பக்கம் ஒரு கொல்லர் தன் பட்டறை வாசலில் நான்கு அடுப்புகளை நிறுத்தியிருந்தார். மூன்றாவதன் கதவைத் தூக்கி விட்டேன். ஒரே சத்தத்தில், அதிர்வில்லாமல் மூடியது. ஒரு கோடியில் நெருப்பு எரியும் விறகுப் பெட்டிக்குள் செய்தித்தாளைக் கொளுத்திப் போட்டேன். புகை தயங்காமல் கறி வேகும் பீப்பாயின் நீளம் முழுவதும் ஓடி, மறுகோடியில் புகைபோக்கி வழியே மெல்லிய நீலமாக வெளியேறியது. அதுதான் மூச்சு. மூச்சு சரியாக இருந்தால் மற்றதெல்லாம் சரியாக இருக்கும். சனிக்கிழமை வண்டியோடு வருகிறேன் என்று கொல்லரிடம் கைகொடுத்துவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை ஆர்டெல் போனில் கூப்பிட்டாள்.

"அப்பா, அடுப்பு எதுவும் வாங்கிடாதீங்க. லெமுவேல் செய்யறாரு. நீங்க சொன்ன அன்னைக்கே ஆரம்பிச்சிட்டாரு."

"நான் என்ன சொன்னேன்?"

"கேட் ஒட்றவருன்னு சொன்னீங்களே. அதத்தான் சொன்னீங்க."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் ஒனீடா நிற்கிறாள்.

"டீக்கன், இந்தத் தடவ அவ கோவிச்சிட்டுப் போனா, நானும் பெட்டியத் தூக்கிட்டு அவ பின்னாடியே போயிடுவேன். உங்க கௌரவத்த நீங்களே சமைச்சு நீங்களே சாப்பிடுங்க."

டீக்கன் என்று என் சபைப் பதவியைச் சொல்லி அவள் கூப்பிட்டால் அது வேடிக்கை அல்ல. கொடுத்த கையை நான் திரும்ப வாங்கிக்கொண்டது என் வாழ்நாளில் அந்த ஒரு கொல்லரிடம்தான்.

லெமுவேல் முதலில் வந்து கொல்லையில் சிமென்ட் தளம் போட்டார். எங்களுடையது மூலை வீடு. கொல்லை பக்கத் தெருவைப் பார்த்திருக்கும். தளத்தைத் தெருவோரமாகவே போட்டார். அது காய்ந்ததும் ஒரு நாள் மதியம் இழுவண்டியில் தார்ப்பாய் சுற்றிய அடுப்பு வந்தது. கூட்டாளிகளோடு இறக்கி, கால்களைச் சிமென்டோடு போல்ட் போட்டு இறுக்கினார். சபைச் சமையல் பொறுப்பாளன் ஹோரஸ் தன் சத்தத்திலேயே ஊரைக் கூட்டிவிட்டான். ஹோரஸும் நானும் ஒன்றாக ஞானஸ்நானம் எடுத்தவர்கள். என் தவறைப் பார்க்க எத்தனை மைல் வேண்டுமானாலும் நடப்பான்.

ஆர்டெல் தார்ப்பாயை உருவினாள். கறுப்பு வண்ணம் பளபளத்தது. கதவின் மேல் லெமுவேல் எஃகை அறுத்து, கைநீளத்துக்கு எழுத்துகள் வைத்திருந்தார்: பிரூவிட்.

கதவைத் தூக்கி, என் பெயருக்குக் கீழே இருந்ததையும் பார்த்தேன். விறகுப் பெட்டியிலிருந்து பீப்பாய்க்குச் சூடு போகும் வாய், தபால்பெட்டியின் வாய் அளவுதான் இருந்தது. புகைபோக்கியை இறைச்சி வைக்கும் கம்பித்தட்டின் மட்டத்தில் வைக்காமல் பீப்பாயின் உச்சியில் நட்டிருந்தார். இந்த அடுப்பு மூச்சு விடாது. ஒரு கோடி எரியும், மறுகோடி சில்லிட்டுக் கிடக்கும். தேங்கிய புகை கறியில் கசப்பாகப் படியும். நெருப்பு வைக்காமலே தெரிந்தது.

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"நல்ல கனம்," என்றேன். அது உண்மை. "ஒட்டு சுத்தமா இருக்கு." அதுவும் உண்மை.

"கனத்த வச்சு கப்பல்தான் கட்டணும்," என்றான் ஹோரஸ். "மாவு வச்சுப் பாத்துடுவோம். அடுப்பே சொல்லட்டும்."

எங்கள் பக்கம் புது அடுப்புக்கு அதுதான் பரீட்சை. டப்பாவில் வரும் ரொட்டி மாவு வில்லைகளைக் கம்பித்தட்டு நெடுகப் பரப்பி வேகவைத்தால், எங்கே சூடு அதிகம் எங்கே குறைவு என்பது நிறத்திலேயே தெரிந்துவிடும். ஆர்டெல் உற்சாகமாக ஓடிப்போய் டப்பாக்களைக் கொண்டுவந்தாள். லெமுவேல் தன் கையால் வரிசை வரிசையாக அடுக்கினார். நெருப்பு வைத்தோம். காத்திருந்தோம்.

நேரமானதும், "வீட்டுக்காரன் நான்தான் திறக்கணும்," என்று முன்னால் போய் நின்றேன். எனக்கு அகன்ற முதுகு. கதவைத் தூக்கினேன். இடது பக்கம் முழுவதும் கரி. வலது பக்கம் வைத்தபடியே வெள்ளை மாவு. நடுவில் ஒரே ஒரு வரிசை பொன்னிறம். அந்த வரிசையை மட்டும் தட்டில் வாரிக்கொண்டு கதவைச் சாத்தினேன்.

"பாருங்க," என்றேன். "நல்ல அடுப்பு."

எங்கள் வீட்டில் பொய் சொல்லும் வழக்கம் இல்லை.

"ஓரத்துது ஒண்ணு குடு," என்றான் ஹோரஸ்.

"குடுக்கறதத் தின்னு."

லெமுவேல் ஒரு ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கடிக்காமல் பார்த்துக்கொண்டே நின்றார். ஆர்டெல் என் கன்னத்தில் முத்தமிட்டாள். அவள் கடைசியாக எப்போது அப்படிச் செய்தாள் என்று எனக்கு ஞாபகம் இல்லை.

எல்லோரும் போன பிறகு கரியானதையும் வேகாததையும் சாம்பல் வாளியில் போட்டேன். மறுநாள் ஒனீடா வாளியோடு என் முன்னால் வந்து நின்றாள். உள்ளே பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"எவ்வளவு மோசம்?"

"மூச்சே இல்ல."

"அவர்கிட்ட சொல்லுவீங்களா?"

"நீதானே பெட்டியத் தூக்கறேன்னு சொன்ன."

"திட்டாதீங்கன்னு சொன்னேன். பொய் சொல்லுங்கன்னு எப்போ சொன்னேன்?"

இரண்டுக்கும் நடுவே எனக்குத் தெரிந்த வழி எதுவும் இல்லை. வேறு அடுப்பு வாங்க முடியாது. இதைத் தளத்திலிருந்து நகர்த்த முடியாது. தெருவில் போகிறவர்கள் எல்லாம் என் பெயரைப் படித்துவிட்டுப் போனார்கள்.

ஜூன் பத்தொன்பது அன்று விடியும்போதே நெருப்பு மூட்டினேன். புகை தேங்காதிருக்க விறகுப் பெட்டிக் கதவைத் திறந்தே வைத்தேன். விரல் பருமனில் பிளந்த ஓக் குச்சிகளை விட்டு விட்டுப் போட்டேன். நெருப்புக்குப் பக்கத்தில் இருந்த கறியை மறுகோடிக்கும், மறுகோடியில் இருந்ததை நெருப்புக்கும் மாற்றினேன். மாற்றி முடித்ததும் மறுபடி முதலிலிருந்து மாற்றினேன். சற்று அப்பால் போனால் ஒரு பக்கம் கரியாகிவிடும்.

காலையில் லெமுவேல் புதுச் சட்டையோடு வந்தார். "சார், ஊர்வலத்துக்கு நேரமாச்சு. நீங்க கொடி பிடிக்கணுமே. போய்ட்டு வாங்க, அடுப்ப நான் பாத்துக்கறேன்."

அவர் கதவைத் திறந்தால் எல்லாம் தெரிந்துவிடும்.

"நான் இங்கயே இருக்கேன்."

"ஒரு மணி நேரந்தானே சார்."

"இருக்கேன்னு சொன்னேன், மிஸ்டர் கேட்ஸ்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. வேலியோரம் நின்றவர்களிடம் போய்ச் சொன்னது என் காதில் விழுந்தது: "அடுப்ப விட்டு நகர மாட்டேங்கறாருப்பா. எங்கிட்டகூடத் தர மாட்டேங்கறாரு."

ஊர்வலம் எங்கள் பக்கத் தெரு வழியாகத்தான் வந்தது. என் தந்தையும் அவருக்குப் பின் நானும் தவிர வேறு யாரும் பிடிக்காத சபைக் கொடியை ஹோரஸ் பிடித்துக்கொண்டு வந்தான். கொஞ்சம் சாய்த்துப் பிடித்திருந்தான். என்னைப் பார்த்ததும் இன்னும் சாய்த்தான். இடுக்கியோடு நிமிர்ந்து நின்று வணக்கம் வைத்தேன். மேளக்காரர்கள் கடந்து போகும்வரை நின்றேன். பிறகு கறியை மாற்றிப் போட்டேன்.

சாயங்காலம் சபை வளாகத்தில் கறியை நானே வெட்டினேன். குறை சொல்ல இடமில்லாமல் வந்திருந்தது. அதுதான் வினையாகிவிட்டது. ஹோரஸ் மூன்றாவது தட்டையும் முடித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான்.

"நான் வாயத் தொறந்து பாராட்ற ஆள் இல்ல. ஆனா இது அடுப்பு. மிஸ்டர் கேட்ஸ், சபைச் சமையலறைக்கும் ஒண்ணு வேணும். பாஸ்டர்கிட்ட பேசிட்டேன். இதே மாதிரி. ஒரு அங்குலம் மாறக் கூடாது."

மேசையில் கை தட்டினார்கள். லெமுவேல் எழுந்து நின்றார். என் பக்கம் திரும்பினார்.

"சார் சரின்னு சொன்னா செய்யறேன்."

ஆர்டெல் என்னைப் பார்த்தாள். ஒனீடா தன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சபையில் சாவு விருந்து, கல்யாண விருந்து எல்லாம் இனி அந்த அடுப்பில்தான் வேகும். ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் விடியலிலிருந்து அதன் பக்கத்திலேயே நின்று மாற்றிப் போட வேண்டும். அப்படி நிற்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்காது. என் கொல்லையில் நான் சொன்ன பொய் என்னோடு இருந்துவிட்டுப் போகட்டும். ஆண்டவருடைய கூரைக்கடியில் அதை நட்டுவைக்க எனக்கு உரிமை இல்லை.

"இதே மாதிரி வேண்டாம்," என்றேன்.

கைதட்டல் நின்றது.

"சூடு போற வாய் சின்னது. புகைபோக்கி உயரத்துல இருக்கு. கறி நல்லா வந்தது அடுப்பால இல்ல. நான் பக்கத்துலயே நின்னதால."

"மாவு வச்சுப் பாத்தமே!" என்றான் ஹோரஸ்.

"நடு வரிசையத்தான் காட்டினேன்."

யாரும் சிரிக்கவில்லை. ஹோரஸ்கூடச் சிரிக்கவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. லெமுவேல் தொப்பியை எடுத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்தவர்களிடம் "எக்ஸ்கியூஸ் மீ" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தார்.

நானும் பின்னால் போனேன். வெளிச்சம் இன்னும் இருந்தது. அவர் எங்கள் கொல்லைக்குத்தான் போயிருந்தார். அடுப்புக் கதவைத் திறந்து, சூடு ஆறாத பீப்பாய்க்குள் தோள்வரை கையை விட்டு அந்த வாயைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நாள் பூரா மாத்தி மாத்திப் போட்டீங்களா சார்?"

"ஆமா."

"அதனாலதான் ஊர்வலத்துக்குப் போகல."

"ஆமா."

"நான் ஊரெல்லாம் பெருமையாச் சொல்லிட்டுத் திரிஞ்சேன்." கையை வெளியே எடுத்து, கரியைக் கால்சட்டையில் துடைத்தார். "மொத நாளே சொல்லியிருந்தா ரெண்டு நாள் வருத்தப்பட்டிருப்பேன். இப்போ ஊரே என்னப் பாத்து வருத்தப்படுது."

மன்னிப்புக் கேட்கும் பழக்கம் எனக்கு இல்லை. ஆனாலும் கேட்டேன். நான் கேட்ட அழகைப் பார்த்து அவர் பரிதாபப்பட்டிருக்க வேண்டும்.

"சரி சார். நான் எங்கயும் போகல. இத இங்க நட்டவன் நான். சனிக்கிழமை சனிக்கிழமை வந்து வெட்டி ஒட்டப் போறேன், சரியா வர்ற வரைக்கும். நீங்க பக்கத்துல நின்னு உள்ளத உள்ளபடி சொல்லணும். அவ்வளவுதான்."

சனிக்கிழமைதோறும் இந்த மனிதர். என் கொல்லையில், என் பக்கத்தில். மறுக்க வழியே இல்லை.

"சொல்றேன்," என்றேன்.

வேலிக் கதவு திறந்தது. ஆர்டெல், பின்னால் ஒனீடா. ஆர்டெல் கண்கள் சிவந்திருந்தன. அவள் எவ்வளவு கேட்டாளோ தெரியாது. கையில் ஒரு தட்டு. நேராக வந்து என் முன்னால் நீட்டினாள். அவள் செய்த உருளைக்கிழங்கு சாலட். சபை விருந்தில் அவள் பெயருக்கென்று ஒரு கிண்ணம் உண்டு. அவள் முதன்முதலாகச் செய்த நாளிலிருந்து நான் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுவேன்.

"உள்ளத உள்ளபடி சொல்றதா இப்போதான் சொன்னீங்க," என்றாள். "இத சாப்பிட்டுச் சொல்லுங்க."

ஒனீடாவைப் பார்த்தேன். அவள் வானத்தைப் பார்த்தாள். லெமுவேல் அடுப்புக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

ஒரு வாய் எடுத்தேன். மென்று விழுங்கினேன்.

"கடுகு சாந்து ரொம்ப அதிகம்," என்றேன்.

ஆர்டெல் தட்டை வாங்கிக்கொண்டாள். தானும் ஒரு வாய் எடுத்துப் பார்த்தாள். என் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் நிதானமாக மென்றாள்.

"எத்தன வருஷமா?" என்று கேட்டாள்.