மூன்று விரலுக்கு ஒரு பிடி

செவ்வந்தி கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்தது காசியம்மாளின் தொல்லை தாங்காமல்தான். மகளிர் குழுவில் பத்துப் பேராவது பெயர் கொடுத்தால்தான் வகுப்பு நடக்கும் என்று சொல்லியிருந்தார்கள். ஒன்பது பேர்தான் தேறினார்கள். காசியம்மாள் நண்டுக் கூடையோடு செவ்வந்தி வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டு, நீ சரி என்று சொல்லாமல் எழுந்திருக்க மாட்டேன் என்றாள். கூடையிலிருந்து ஒரு நண்டு நழுவி வீட்டுக்குள் ஓடியது. அதைப் பிடித்துக் கொடுத்துவிட்டு, சரி போ, எழுதிக்கோ என்று செவ்வந்தி சொல்லிவிட்டாள்.

எட்டுச் சனிக்கிழமை, மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை. பழவேற்காடு பஜாருக்குப் பின்னால் இருக்கும் குழுக் கட்டடத்தில் வகுப்பு. டைப் அடிக்கச் சொல்லித் தருவார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். வந்தவளோ காட்டூர்ப் பெண் ஜாக்குலின்; பொன்னேரியில் ஒரு கல்லூரிப் பட்டறையில் வேலை செய்கிறவள். மேசைமேல் ஒரு மஞ்சள் கொக்கியை வைத்தாள். துணி மாட்டுகிற சாதாரண பிளாஸ்டிக் கொக்கி. இதைக் கடையில் வாங்கவில்லை, கம்ப்யூட்டரில் வரைந்தேன், வரைந்ததை ஒரு மெஷினுக்குள் அனுப்பினால் அது பிளாஸ்டிக்கை உருக்கி நூல் நூலாக அடுக்கி இப்படிச் செய்து தந்துவிடும் என்றாள். பெண்கள் கொக்கியைக் கை மாற்றிப் பார்த்தார்கள். காசியம்மாள் கடித்தே பார்த்தாள்.

திரையில் நீலக் கட்டம் போட்ட ஒரு தரை தெரிந்தது. வலது ஓரத்தில் பெட்டி, உருளை, கூம்பு, பந்து என்று வரிசையாக உருவங்கள். வேண்டியதை மவுஸால் பிடித்து இழுத்து வந்து தரையில் வைக்க வேண்டும். மூலையில் இருக்கும் சின்னச் சின்ன வெள்ளைச் சதுரங்களை இழுத்தால் நீளும், அகலும், உயரும். மவுஸின் வலது பொத்தானை அழுத்திக்கொண்டு நகர்த்தினால் தரையே சுழன்று, உருவத்தின் முதுகையும் அடியையும் காட்டும். முதல் ஒரு மணி நேரம் ஒரே கூத்து. செவ்வந்தி வைத்த பெட்டி தரைக்குக் கீழே போய்விட்டது. காசியம்மாளின் பெட்டி இருந்த இடமே தெரியவில்லை. பக்கத்து லேப்டாப்புக்காரி எடுத்துக்கொண்டாள் என்று அவள் சண்டைக்கே போனாள்.

இரண்டாவது வாரம் ஜாக்குலின் ஓட்டை போடச் சொல்லித் தந்தாள். எந்த உருவத்தையும் 'ஓட்டை' என்று மாற்றிக்கொள்ளலாம். அதை இன்னொன்றுக்குள் நுழைத்து, இரண்டையும் சேர்த்துக் 'குரூப்' பண்ணினால், ஓட்டை உட்கார்ந்த இடம் அப்படியே குடைந்து போய்விடும். பெரிய உருளைக்குள் சின்ன உருளையை ஓட்டையாக இறக்கினால் டம்ளர். செவ்வந்தி ஓட்டையைக் கொஞ்சம் ஆழமாக இறக்கிவிட்டாள். டம்ளருக்கு அடி இல்லாமல் போயிற்று.

"பரவால்லக்கா, வளையல்னு வெச்சிக்கலாம்," என்றாள் ஜாக்குலின்.

அன்றைக்கு வீட்டுக்கு நடந்து வரும்போது செவ்வந்திக்குக் கண்ணில் பட்டதெல்லாம் பெட்டியும் உருளையுமாகவே இருந்தது. தண்ணீர்த் தொட்டி ஓர் உருளை. ஐஸ் பெட்டி, பெட்டிக்குள் பெட்டியைக் குடைந்தது. டீக்கடை பாய்லர் உருளைமேல் கூம்பு, பக்கத்தில் வளைந்த குழாய் ஒன்று. அதை எப்படிச் செய்வது என்று யோசித்துக்கொண்டே வந்ததில், தன் வீட்டைத் தாண்டி நாலு வீடு போய்விட்டாள். முப்பத்தாறு வயதில் தனக்கு இப்படி ஒரு பைத்தியம் பிடிக்கும் என்று அவள் நினைத்ததில்லை. நன்றாகத்தான் இருந்தது.

மூன்றாவது வாரம், வீட்டுக்குப் பயன்படுகிற மாதிரி ஆளுக்கொன்று செய்யுங்கள், நானே அச்சடித்து எடுத்து வருகிறேன் என்று ஜாக்குலின் சொன்னாள். காசியம்மாள் சோப்பு டப்பா என்று உடனே அறிவித்தாள். செவ்வந்திக்குத் தன் கணவன் தேவேந்திரனின் இடது கை ஞாபகம் வந்திருந்தது.

போன கார்த்திகையில் வலை இழுக்கும்போது கயிறு சுற்றி, அந்தக் கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. காயம் ஆறிவிட்டது. ஆனால் அவர்களுடைய மீன்பிடி போட்டின் இன்ஜின் கைப்பிடி அவன் பிடிக்கு அடங்கவில்லை. மோட்டார் சைக்கிளைப் போல முறுக்கினால்தான் அது வேகம் எடுக்கும். கட்டைவிரலும் கடைசி இரண்டு விரலும் வைத்து முறுக்கினால் வழுக்கியது. வலது கையால் பிடித்துப் பார்த்தான். உட்காரும் பக்கம் மாறிப்போனதில் ஒருநாள் தப்பாக முறுக்கிவிட, போட்டு துள்ளி, செவ்வந்தியின் தம்பி சரவணன் ஏரியில் விழுந்தான். இடுப்பளவு தண்ணீர்தான், ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அன்றிலிருந்து தேவேந்திரன் இன்ஜின் பக்கமே போகவில்லை. சரவணன் ஓட்டினான், இவன் முன்னால் உட்கார்ந்து வலையைப் பார்த்துக்கொண்டான். ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் அலை வாங்கிப் போட்டைக் கடலுக்குள் ஏற்றுவதில் அந்தக் குப்பத்தில் தேவேந்திரனுக்கு ஒரு பெயர் உண்டு. சரவணனுக்கு அந்தத் தைரியம் வரவில்லை. அதனால் ஆறு மாதமாக ஏரியோடு சரி. தேவேந்திரன் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. பேச்சுதான் குறைந்துபோயிருந்தது.

முறுக்க விரல் வேண்டாமே, உள்ளங்கை போதுமே என்று செவ்வந்திக்குத் தோன்றியது. கைப்பிடிமேல் ஒரு வளையம் இறுக்கமாக மாட்டி, அதிலிருந்து பலகை மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தால், அதன்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினால் கைப்பிடி தானாகத் திரும்பாதா? வளையம்தான் அவளுக்கு வருமே. அடி போன டம்ளர்.

மறுநாள் போட்டு கரையில் கிடந்தபோது மகள் நந்தினியின் ஸ்கேலை எடுத்துப் போய்க் கைப்பிடியை அளந்தாள். குறுக்கே மூன்று புள்ளி நான்கு. சனிக்கிழமை அதை அப்படியே திரையில் அடித்தாள். உருளை எறும்பு மாதிரி சுருங்கியது. மவுஸ் சக்கரத்தை உருட்டிக் கிட்டே போய்ப் பார்த்தாள், பெரிதாகத் தெரிந்தது. சரிதான் என்று ஓட்டை போட்டாள், பெட்டியைத் தட்டையாக்கிப் பலகை ஒட்டினாள், குரூப் பண்ணினாள். இன்னதென்று ஜாக்குலினிடம்கூடச் சொல்லவில்லை. வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள்.

அடுத்த வாரம் காசியம்மாளுக்குச் சோப்பு டப்பா வந்தது. செவ்வந்தியின் கையில் ஜாக்குலின் ஒரு சின்னக் காகித மடிப்பைத் தயக்கத்தோடு கொடுத்தாள். பிரித்தால், உள்ளே துவரம்பருப்பு அளவுக்கு ஏதோ ஒன்று. உற்றுப் பார்த்தால் வளையம் இருந்தது, பலகையும் இருந்தது.

"அக்கா, இதுல எல்லாமே மில்லிமீட்டர் கணக்கு," என்றாள் ஜாக்குலின். "நீங்க சென்டிமீட்டர்ல அளந்தீங்களா?"

செவ்வந்திக்கு அழுகை வரும்போல இருந்தது. வீட்டுக்கு வந்து காகிதத்தை அலமாரியில் வைக்கப் போனவளைத் தேவேந்திரன் பார்த்துவிட்டான். இன்னா அது என்று கேட்டான். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று, எதற்காகச் செய்தாள், எப்படிச் செய்தாள் என்று எல்லாவற்றையும் சொன்னாள். அவன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அந்தத் துணுக்கை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு அவள் மூக்கருகே கொண்டுபோய் வைத்தான்.

"மூக்குத்தி நல்லாத்தாமே கீது," என்றான்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கும் வந்தது. முதலில் மெதுவாகத்தான் ஆரம்பித்தான். பிறகு அடக்க முடியாமல் சுவரில் சாய்ந்துகொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். தெருவில் விளையாடிவிட்டு வந்த நந்தினி, நைனா சிரிப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள். இந்த வீட்டில் அந்தச் சத்தம் கேட்டு மாதக்கணக்காகிறது என்று அப்போதுதான் செவ்வந்திக்கும் உறைத்தது.

சிரித்து முடித்ததும் தேவேந்திரன் அவளை இன்ஜினிடம் கூட்டிக்கொண்டு போனான். கைப்பிடிமேல் உள்ளங்கையை வைத்து, பலகை எங்கே வரவேண்டும் என்று காட்டினான். நேராக நீட்டினால் உதவாது, மணிக்கட்டுப் பக்கம் கொஞ்சம் இறங்கி வரணும், தட்டையாக இருந்தால் உப்புத் தண்ணீரில் கை வழுக்கும் என்றான்.

"இங்க லேசா பள்ளம் வோணும். கை போய் குந்திக்கிற மாதிரி."

"பள்ளம் நான் போட்டுத் தரேன்," என்றாள் செவ்வந்தி.

பள்ளம் எப்படிப் போடுவது என்று அப்போது அவளுக்குத் தெரியாது. வாய் சொல்லிவிட்டது. வாரம் முழுக்க யோசித்து, சோறு வடிக்கும்போது கண்டுபிடித்தாள். ஒரு பெரிய உருளையைப் படுக்கவைத்து, ஓட்டையாக மாற்றி, அதன் வயிறு மட்டும் பலகைமேல் லேசாகப் படுகிற மாதிரி இறக்கிக் குரூப் பண்ணினால், பட்ட இடம் மட்டும் வழித்தெடுத்தாற்போல் குழியும். சனிக்கிழமை செய்து காட்டியபோது, இதை நான் அடுத்த வாரம்தான் சொல்லித் தருவதாக இருந்தேன் என்றாள் ஜாக்குலின். இந்த முறை செவ்வந்தி முப்பத்து நான்கு மில்லிமீட்டர் என்று சரியாக அடித்தாள்.

அவசரம் என்று ஜாக்குலின் புதன்கிழமையே ஸ்கூட்டரில் கொண்டுவந்து கொடுத்தாள். ஆரஞ்சு நிறம். அளவெல்லாம் அழகாகத்தான் இருந்தது. கைப்பிடிமேல் மட்டும் ஏறவில்லை. அச்சில் ஓட்டை ஒரு மயிரிழை சுருங்கித்தான் வரும் என்பது ஜாக்குலினுக்கே அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மெல்லத் தட்டினால் ஏறிவிடும் என்று சரவணன் சுத்தியலை எடுத்தான். மூன்றாவது தட்டில் வளையம் படக்கென்று பிளந்தது.

சரவணன் அக்காவின் முகத்தைப் பார்க்காமல் சுத்தியலையே பார்த்துக்கொண்டு நின்றான். செவ்வந்தி பிளந்த வளையத்தை வாங்கிக் கைப்பிடியில் வைத்துப் பார்த்தாள். பிளந்த பிறகு அது சுலபமாக ஏறியது. விரிந்து கொடுத்து ஏறி, பிடித்தும் கொண்டது. தெருக்குழாயைச் சுவரோடு சேர்த்துப் பிடிக்கிற கிளிப்பும் இப்படித்தானே வாய் திறந்து இருக்கிறது என்று நினைத்தாள்.

"நல்ல வேலை பண்ணினடா," என்றாள். சரவணனுக்கு ஒன்றும் புரியவில்லை.

ஏழாவது சனிக்கிழமை தேவேந்திரனும் கூட வந்தான். பத்துப் பெண்களுக்கு நடுவில் ஸ்டூலில் கூச்சத்தோடு உட்கார்ந்தான். காசியம்மாள், வா மாப்ள, ஒரு டம்ளர் செஞ்சி பாரு என்று வம்புக்கிழுத்தாள். செவ்வந்தி மெல்லிய பெட்டி ஒன்றை ஓட்டையாக்கி வளையத்தின் அடியில் நிறுத்தி, ஒரு கீறல் வெட்டினாள். வாய் திறந்துகொண்டது. வளையத்தை அரை மில்லிமீட்டர் அகலமாக்கினாள். வெளிப்புறத்தில், சுற்றி இறுக்குகிற இரும்புக் கிளாம்பு உட்கார ஒரு வரிப்பள்ளமும் வெட்டினாள். திரையில் உருவத்தைச் சுழற்றிச் சுழற்றிக் காட்ட, தேவேந்திரன் தன் கையைக் காற்றில் வைத்து வைத்துப் பார்த்து, இன்னும் கொஞ்சம் சாய்வு, போதும், அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டிருந்தான். இரண்டு மணி நேரம் போனதே தெரியவில்லை. அவள் விரல்கள் மவுஸில் ஓடுவதை அவன் இடையிடையே பார்ப்பதைக் கவனித்தாள். கல்யாணமான புதிதில் போட்டு ஓட்டும்போது அவனை அவள் இப்படிப் பார்த்திருக்கிறாள்.

நீல நிறத்தில் வந்தது அது. உள்ளே சைக்கிள் டியூப் துண்டு ஒன்றைச் சுற்றி, வளையத்தை விரித்து ஏற்றி, கிளாம்பை முடுக்கினான் தேவேந்திரன். அசைத்துப் பார்த்தான், அசையவில்லை. செவ்வந்தியையும் நந்தினியையும் போட்டில் ஏறச் சொன்னான். சரவணன் தள்ளிவிட்டு முன்னால் போய் உட்கார்ந்தான்.

இன்ஜின் பிடித்ததும் தேவேந்திரன் இடது உள்ளங்கையைப் பள்ளத்தில் வைத்து அழுத்தினான். போட்டு தயங்கி, பிறகு சீராக முன்னே போயிற்று. விட்டான், தணிந்தது. மறுபடி அழுத்தினான். நாலைந்து தடவை இப்படிச் செய்துவிட்டு, அதற்குப் பிறகு அவன் கையைக் குனிந்து பார்க்கவே இல்லை. கண் தூரத்தில் இருந்தது. செவ்வந்திதான் அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீலப் பலகைமேல் அது பொருந்தி உட்கார்ந்திருந்தது. ஏரிக்குள் வளைத்து வளைத்து ஒரு பெரிய வட்டம் போட்டான். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்து, யார் ஓட்டுவது என்று தெரிந்ததும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

கரைக்கு வந்ததும், நாளைக்கு முகத்துவாரம் தாண்டலாமா மச்சான் என்று தேவேந்திரன் சாதாரணமாகக் கேட்டான். மாமா நீ சொன்னா சரி என்றான் சரவணன். இன்ஜினை இனித் தொட வேண்டியதில்லை என்ற நிம்மதி அவன் முகத்தில் அப்படியே தெரிந்தது.

மறுநாள் விடியலில் போனார்கள். செவ்வந்தி மணல் மேட்டில் நின்று பார்த்தாள். இரண்டு அலையை விட்டுவிட்டு, மூன்றாவது எழும்புவதற்குள் போட்டு சீறிக்கொண்டு ஏறி அந்தப் பக்கம் இறங்கியது. பழைய மாதிரியேதான். பத்து மணிக்குள் திரும்பி வந்தார்கள். வலையில் அப்படியொன்றும் பிரமாதமாகப் படவில்லை. கொஞ்சம் மத்தி, இரண்டு வஞ்சிரம். தேவேந்திரன் குளித்துவிட்டு வந்து, கடலில் நீரோட்டம் எப்படி இருந்தது, எந்தப் பக்கம் மீன் மேய்கிறது என்று நந்தினி போதும் போதும் என்கிற வரைக்கும் பேசினான்.

வகுப்பின் கடைசிச் சனிக்கிழமை அவனே செவ்வந்தியையும் காசியம்மாளையும் பஜார்க் கரைக்குப் போட்டில் கொண்டுவந்து விட்டான். மெதுவாகப் போ, சேலை நனையுது என்று காசியம்மாள் வழியெல்லாம் அவனைத் திட்டிக்கொண்டே வந்தாள். கட்டடத்து வாசலில் ஜாக்குலின் நின்றிருந்தாள். அவள் பக்கத்தில், பக்கத்துக் குப்பத்து மாசிலாமணி. தேவேந்திரன் போட்டு ஓட்டுவதைப் பார்த்தேன், இதைச் செய்தவங்க யார் என்று விசாரித்து வந்தேன் என்றார் அவர். பிறவியிலேயே அவருடைய வலது கை சூம்பியிருந்தது. துடுப்பு பிடிக்க ஏதாவது வழி உண்டா என்று கேட்டார்.

ஜாக்குலின் செவ்வந்தியைப் பார்த்தாள். செவ்வந்தி அவரை உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்தாள். துடுப்பை எந்த இடத்தில் பிடிப்பீர்கள், எந்தப் பக்கம் நழுவுகிறது, எங்கே வலிக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே, லேப்டாப்பைத் திறந்து நீலத் தரையில் ஓர் உருளையை இழுத்து வைத்தாள்.