மாடி எடுத்த வீடு

அந்த நகரத்தில் வீடுகள் கீழே இறங்கும். சுவர் விரிசல் விடாது, சுண்ணாம்பு உதிராது. முப்பது நாற்பது வருஷத்துக்கு ஒருமுறை ஒரு தளம் முழுசாக மண்ணுக்குள் போய்விடும். ஜனங்கள் மேலே ஒரு மாடி எடுத்துக்கொண்டு சாமான்களோடு ஏறிவிடுவார்கள். ராஜாவின் அரண்மனை எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்தது. அதன் தலைமேல் கப்பலில் வந்தவர்களின் கிடங்கு, அதன்மேல் பட்டாளத்துக் குடியிருப்பு, அதற்கும் மேலே பழைய தபால் ஆபீஸும் சலூனும். வெயில் மண்டையைப் பிளக்கும் ஊர் என்பதால், கீழே இறங்கிச் சுற்றிப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வரிசையில் நின்றார்கள். கீழே குளுகுளுவென்று இருக்கும். அங்கே தங்கிப்போனவர்களுக்கு வயதும் ஏறாது.

பஸ் ஓட்டுநர் ஒருவர் தன் அக்காவைப் பார்க்க அந்த ஊருக்குப் போனார். அக்காவிடமிருந்து போன் வருவது நின்று வெகுகாலமாகியிருந்தது. சௌக்கியமாகத்தான் இருப்பாள் என்று அவரும் அடுத்த லீவு, அடுத்த லீவு என்று தள்ளிப்போட்டு, தலை நரைத்த பிறகுதான் கிளம்பினார். அக்காவின் கணவர் தெருவை ஒட்டி போட்டோ ஸ்டூடியோ, மாடியில் வீடு என்று இருந்தார். மச்சினனை வரவேற்று உட்காரவைத்தார். உள்ளேயிருந்து வேறொரு பெண் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"அக்கா எங்க மாமா?"

"கீழ இருக்கா," என்றார் அவர், செருப்பு எங்கே என்று கேட்டவருக்குச் சொல்வதுபோல. "வீடு இறங்கினப்ப அவளுக்குக் காய்ச்சல். மேல கட்டி முடிச்சதும் வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருந்தேன். அப்புறம் அப்படியே விட்டுப்போச்சு."

ஓட்டுநர் சுற்றுலாக் கூட்டத்தோடு சேர்ந்து கீழே இறங்கினார். ஒரு சந்தின் முனையில், கைடு டார்ச் அடித்துக் காட்டிய அறையில், அக்கா தையல் மிஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகிப் போனபோது இருந்த அதே முகம், அதே கறுத்த பின்னல்.

"டேய், என்னடா இப்படிக் கிழவனாயிட்ட?"

"உங்க பொண்ணாங்க?" என்று கைடு அவரிடம் விசாரித்தார்.

ஓட்டுநர் கைடைத் தாண்டி அக்காவிடம் போனார். மேலே வேறொருத்தி இருக்கிறாள் என்பதை மென்று விழுங்கிச் சொன்னார். அக்கா பல்லால் நூலைக் கடித்தாள்.

"தலைக்கு மேல நடக்கிற சத்தம் எனக்குக் கேக்காதாடா? மொதல்ல ஒத்தை ஆள் நடந்தாரு. அப்புறம் ரெண்டு பேர். அப்புறம் ஒண்ணு தத்தித் தத்தி நடந்து, ஓடி, இப்ப பெரிய ஆளாவே நடக்குது."

"தெரிஞ்சுமா இங்கயே உக்காந்திருக்க?"

"வர்றேன்னு சொன்ன மனுஷன், வரலேன்னு ஒரு வார்த்தை வந்து சொல்லுவாருன்னு பாத்தேன்."

அன்று அவள் தம்பியோடு படியேறினாள். விட்டுப்போன வருஷங்கள் படியிலேயே அவளைப் பிடித்துக்கொண்டன. முதல் திருப்பத்தில் முன்மயிர் வெளுத்தது, அடுத்ததில் முழங்கால் பிடித்தது, தெருவுக்கு வந்தபோது பல் ஆடியது. தம்பியை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு ஸ்டூடியோவுக்குள் போனாள். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"பாஸ்போர்ட் சைஸாம்மா?"

 அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவர் இரண்டு விரலால் அவள் மோவாயைத் தூக்கி நேராக்கினார். "லேசா சிரிங்க," என்றார். அவள் சிரித்தாள். படத்துக்குக் காத்திருக்காமல் எழுந்து வந்துவிட்டாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்ற ஓட்டுநர் கதவில் கை வைத்தபோது, "வாடா, பஸ்ஸுக்கு நேரமாச்சு," என்று அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள்.

தம்பி வீட்டில் பின்னறையை ஒழித்துக் கொடுத்தார்கள். வீடு இறங்குகிற ஊர் இல்லை அது; ஆனாலும் சில மாதத்தில் அந்த அறையின் தரை ஒரு விரல்கடை இறங்கியது, பிறகு ஒரு சாண். பெருக்கினால் குப்பையெல்லாம் அவள் கட்டில் பக்கமே உருண்டது. ஓட்டுநரின் மனைவி பொல்லாதவள் இல்லை. முகம் சுளிக்காமல் குனிந்து சாப்பாட்டுத் தட்டை இறக்கிக் கொடுத்தாள். அவள்தான் ஒருநாள் பேச்சோடு பேச்சாக, "நாமளும் ஒரு மாடி எடுத்துடலாங்க," என்றாள்.  மறுவாரம் வாசலில் மணலும் செங்கல்லும் வந்து இறங்கின.

அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்து எக்கிப் பார்த்தாள்.

"படி எந்தப் பக்கம்டா வருது?"

"பாத்து வைக்கலாம்க்கா," என்று சொல்லிவிட்டு, அவர் செங்கல்லை நனைக்கப் போனார்.