கப்டன் துரையின் மதுரைப் பேச்சு

பன்வில கோப்பித் தோட்டத்தில் காய்ச்சலோடு கிடந்த ஒருத்தியை வெள்ளைக்காரச் சின்னத்துரை அடித்து மலைக்கு ஏற்றினான். அவள் கூடையோடு விழுந்து செத்தாள். மறுநாள், அவளோடு வேலை செய்த வேலாயி, கூலிகள் குடியிருந்த லயத்து வாசலில் நின்று, "இனி ஒருத்தியும் பழம் பறிக்கப் போகக் கூடாது" என்றாள். ஒருத்தியும் போகவில்லை.

அந்த வாரமே துரைமார் கங்காணிகளைக் கண்டிக்கு அழைத்தார்கள். ஓய்வுபெற்ற கப்டன் ஒருவர் சரித்திரம் பேசப்போகிறாராம். அவருடைய இங்கிலீசைத் தமிழில் சொல்லக் கோர்ட்டு மொழிபெயர்ப்பாளர் சேதுராமன் வந்திருந்தார். மதுரையில் பிறந்தவர்.

கப்டன் பேசியதும் மதுரையைப் பற்றித்தான். நூறு வருடத்துக்கு முன் கிழக்கிந்தியக் கும்பினியின் படைத்தலைவனாக இருந்த கான்சாகிபு, பிறகு கும்பினியையே எதிர்த்து மதுரைக் கோட்டைக்குள் இருந்துகொண்டான். வெள்ளைக்காரப் படை கோட்டையை வளைத்து, உள்ளே அரிசி போகாமல் அடைத்தது.

"உள்ள இருந்த சனம் என்னாங்க ஆச்சு?" என்று கேட்டார் பன்விலத் தோட்டத்துக் கறுப்பையா கங்காணி.

சேதுராமன் அதை இங்கிலீசில் சொன்னதும் கப்டன் சிரித்தார். "குதிரையைத் தின்றார்கள். அதுவும் தீர்ந்ததும் வழிக்கு வந்தார்கள்."

துரைமாரும் சிரித்தார்கள். சேதுராமன் சிரிக்கவில்லை. ஆனாலும் தமிழில் சொன்னார்.

"கடைசியில் அவனுடைய ஆட்களே அவனைப் பிடித்துக் கொடுத்தார்கள். தூக்கில் போட்டோம்" என்ற கப்டன், கங்காணிகளை நோக்கி விரலை நீட்டினார். "நீங்களும் அதையே செய்யுங்கள். வேலையை நிறுத்தச் சொன்னவள் யார்? பெயர் வரும்வரை லயத்துக்கு அரிசி கிடையாது."

சேதுராமன் கங்காணிகள் பக்கம் திரும்பினார்.

"சொல்!" என்று அதட்டினார் கப்டன்.

"சொல்றேன்!" என்று தமிழில் கத்தினார் சேதுராமன். "ஒரு பொம்பளையக் கொன்னுட்டு, இன்னொருத்தியக் காட்டிக் குடுங்கங்கிறான். இல்லாட்டி உங்க புள்ளைகளப் பட்டினி போடுவானாம். எங்க ஊருச் சனம் பட்டினி கெடந்ததுக்குச் சிரிக்கிறான், பாத்தீங்கள்ல?"

கறுப்பையா எழுந்தார். துரைமாருக்காக அவிழ்த்து வைத்திருந்த தலைப்பாகையை எடுத்து அங்கேயே கட்டிக்கொண்டார். "வாங்கப்பா, போவோம்."

சிலர்தான் அவரோடு போனார்கள். மிச்சமிருந்தவர்களில் ஒருவன் பெயரைச் சொல்லிவிட்டான். ஆனால் பொலிஸ் பன்விலைக்குப் போனபோது வேலாயி அங்கே இல்லை. கறுப்பையா முந்திக்கொண்டு அவளை மாத்தளைப் பக்கம் அனுப்பிவிட்டார். அந்த ஆத்திரத்தில் தோட்டத்துத் துரை லயத்துக்கு அரிசியை நிறுத்தினார்.

கோர்ட்டு வேலை பறிபோன சேதுராமன், கட்டுகஸ்தோட்டையில் அரிசிக் கடை வைத்திருந்த தாஸிமிடம் போய் விஷயத்தைச் சொன்னார்.

"புள்ளைகள் பசியில கெடக்குதா? வண்டியப் பூட்டுங்க!" என்றார் தாஸிம்.

தோட்டத்து வழியில் சின்னத்துரை வண்டியை மறித்து, மாட்டின் கயிற்றைப் பிடித்தான். லயத்திலிருந்து பெண்கள் இறங்கி வந்தார்கள். ஒருத்தியும் அவனோடு பேசவில்லை. அவனைத் தள்ளிவிட்டு, அரிசி மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறினார்கள்.