பயம் தெளிந்த பூச்சிகள்

ஆராய்ச்சி நிலையத்தில் அவளை எல்லோரும் அசுவினி என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றோர் வைத்த பெயர் அதுவல்ல. கடுகுச் செடியில் அப்பிக்கொண்டு சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சிகளைக் கூண்டுகளில் வளர்த்து ஆராய்வது அவள் வேலை. "ஊரே மருந்தடிச்சுக் கொல்லுது, எங்க மருமக சம்பளம் வாங்கிட்டு வளர்க்கிறா" என்று மாமியார் பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிப்பார். அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

பக்கத்து அறையில் இருந்த தோழி மரபணு விஞ்ஞானி. கண்ணாடிக் குப்பிகளில் நாற்று வளர்ப்பதால் அவளுக்குப் பாட்டில்காரி என்று பெயர். ஓர் அசுவினிப் பூச்சியை எதிரி பிடித்தால் அது ஒரு வாசனையை விடும். மற்றவை அதை முகர்ந்ததும் இலையை விட்டு விழுந்து ஓடும். அந்த வாசனையைச் செடியே வீசும்படி கடுகில் ஒரு மரபணுவைச் சேர்த்திருந்தாள் பாட்டில்காரி. பல வருட உழைப்பு. முதல் சோதனையில் பூச்சிகள் பொலபொலவென்று உதிர்ந்தன. இயக்குநர் தன் கைக்காசில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். நிலையமே அதை அதிசயமாகப் பேசியது.

வயல் சோதனைக்கு அனுமதி கேட்கும் வேலை தொடங்கியது. அதற்குள் அசுவினி, யாரும் கேட்காமலே, ஒரு கூண்டுப் பூச்சிகளை அந்தக் கடுகிலேயே தலைமுறை தலைமுறையாகப் பெருக விட்டாள். ஒரு காலையில் கூண்டைத் திறந்தாள். தண்டே தெரியாதபடி பூச்சிகள் மொய்த்திருந்தன. கருவியில் சோதித்தாள். வாசனை கொஞ்சமும் குறையவில்லை.

மதியம் சாப்பிடும்போது தோழியிடம் சொன்னாள். "உன் செடி மேல குத்தமில்ல. இதுங்க பழகிடுச்சு."

"பழகிடுச்சுன்னா?"

"நாள் பூரா ஒருத்தர் 'ஐயோ ஐயோ'ன்னு கத்திட்டே இருந்தா, எத்தனை தடவை திரும்பிப் பார்ப்ப?"

பாட்டில்காரி சாப்பாட்டு டப்பாவை மூடினாள். "அனுமதி வந்ததுக்கப்புறம் சொல்லியிருக்கலாம்ல?"

"வயல்ல தெரிய வந்தா இன்னும் வலிக்கும்."

அதன் பிறகு பாட்டில்காரி பேச்சை நிறுத்திவிட்டாள். நடைவழியில் எதிர்ப்பட்டால் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டாள். அசுவினி வீட்டில் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு நடந்ததைச் சொன்னாள்.

"தப்பா ஏதாச்சும் சொல்லிட்டியா?" என்று கேட்டான் பஸ் ஓட்டும் கணவன்.

"சரியாத்தான் சொன்னேன். அதான் கஷ்டமா இருக்கு."

"அப்போ விடு. கோவம் தணிஞ்சா அவங்களே வருவாங்க."

வந்தாள். "அந்தக் கூண்டைக் காட்டு" என்றாள், முகத்தைப் பார்க்காமல்.

இருவரும் குனிந்து பார்த்தார்கள். வயலில் இந்தப் பூச்சிகளைத் தின்னப் பொறிவண்டு வருமே, இங்கே என்ன ஆகும் என்று அசுவினிக்குத் தோன்றியது. ஒரு வண்டை உள்ளே விட்டாள். வழக்கமாக ஒன்று பிடிபட்டதும் சுற்றியிருப்பவை ஓடிவிடும். இங்கே எதுவும் அசையவில்லை. வண்டு வரிசையாகத் தின்றுகொண்டே போனது.

"அட, ஓடவே மாட்டேங்குதே!" என்று பாட்டில்காரி சிரித்துவிட்டாள். உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இருவரும் சேர்ந்தே போய் இயக்குநரிடம் எல்லாவற்றையும் சொன்னார்கள்.

"அப்போ செடி ஜெயிச்சுதா, தோத்துதா?" என்றார் அவர்.

"தனியா நின்னா தோக்கும் சார்," என்றாள் பாட்டில்காரி. "வண்டு கூட இருந்தா ஜெயிக்கலாம். வயல்ல பார்த்தாதான் தெரியும்."

விண்ணப்பத்தைத் திருத்தி எழுதியதில் ஒரு பருவம் போனது. அடுத்த பருவத்தில் வலைக்கூடாரத்துக்குள் கடுகு வளர்ந்தது. பாதிப் பாத்திகளில் மட்டும் பொறிவண்டுகளை விட்டார்கள். அந்தப் பாதி பச்சை குறையாமல் நின்றது. மற்றது பூச்சிகள் அப்பிப் பிசுபிசுத்துத் துவண்டது. முழு வெற்றி என்று சொல்ல முடியாது. பூச்சி கடிக்கும்போது மட்டும் வாசனை வீசும் செடிக்காகப் பாட்டில்காரி புதிய குப்பிகளைத் தொடங்கியிருந்தாள்.

மகரந்தம் வெளியே பரவாதபடி, பூக்கும் முன் எல்லாச் செடிகளையும் பிடுங்கி எரிக்க வேண்டும் என்பது அனுமதியின் நிபந்தனை. பிடுங்குவதற்கு முன் இருவரும் மண்டியிட்டு வண்டுகளைத் தூரிகையால் டப்பாவில் சேர்த்தார்கள். ஒன்று பறந்து போய்ப் பாட்டில்காரியின் மூக்குக்கண்ணாடியில் உட்கார்ந்தது.

"அசையாத, அசையாத" என்று அசுவினி மெல்லத் தூரிகையை நீட்டினாள்.