கீழே கடை, மேலே வீடு

ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த நான்கு தெருக்களையும் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது என்று முடிவானபோது, அந்தத் திட்டத்தை வரையும் பொறுப்பு நகரத் திட்ட அலுவலகத்தில் அவளுக்கு வந்தது. அவள் கேட்டு வாங்கியதல்ல. அந்த நான்கில் மூன்றாவது தெருவில் அவள் பிறந்து வளர்ந்தவள் என்பது மேலதிகாரிக்குத் தெரியும். "உங்க ஏரியாதானே, உங்க பேச்சுன்னா கேப்பாங்க" என்று சொல்லிக் கோப்பை அவள் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

அவளுக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து யார் யாருடைய தெருவுக்கோ சாக்கடையும் நடைபாதையும் வரைந்து கொடுத்தவள். இப்போது சொந்தத் தெரு. அப்பா கட்டிய வீடு இன்னும் அங்கேதான் நின்றது. கீழே வெல்டிங் பட்டறை, மேலே இரண்டு அறை. அவள் படித்து, வேலைக்குப் போய், கல்யாணமாகி நகரத்தின் மறுபக்கம் குடிபோய்விட்டாள். தம்பிக்குப் படிப்பு ஏறவில்லை. பட்டறையை எடுத்துக்கொண்டான். கேட், ஜன்னல் கம்பி, ஷட்டர், மாடிப்படிக் கைப்பிடி என்று நன்றாகவே ஓடியது. அக்காவைக் கண்டால் முகத்துக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, "வாக்கா, மேல போய் உக்காரு, இந்த ஒட்டை முடிச்சுட்டு வந்துடுறேன்" என்பான்.

தெருவே அப்படித்தான். ரேடியேட்டர் சரிசெய்பவர், கார் சீட்டுக்கு மெத்தை தைப்பவர், கட்டில் செய்பவர் என்று எல்லாருக்கும் கீழே தொழில், மேலே குடும்பம். கிரைண்டர் சத்தத்தில் குழந்தைகள் வீட்டுப்பாடம் எழுதின. சத்தம் நின்றால்தான் தலையைத் தூக்கிப் பார்க்கும்.

வரைபடத்தைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு வீடு வீடாக அளக்க வந்தவளுக்கு ஒரே வாரத்தில் 'மேப்பக்கா' என்று பேர் வைத்துவிட்டார்கள். தன்னைவிட மூத்தவர்களும் அப்படிக் கூப்பிட்டபோது அவளுக்குச் சிரிப்பாக இருந்தது.

முதல் கூட்டம் பள்ளிக்கூட ஹாலில் நடந்தது. கலப்புப் பயன்பாட்டு வளாகம் என்று அவள் தொடங்கியதும் பின்வரிசையிலிருந்து ஒருவர் கையைத் தூக்கினார். மெத்தை தைப்பவர். அவருக்குத் தெருவில் டியூப்லைட் என்று பேர். இன்றைக்குச் சொன்ன ஜோக்குக்கு நாளைக்குச் சிரிப்பவர்.

"கலப்புன்னா என்ன மேப்பக்கா? பால்ல தண்ணி கலக்குற மாதிரியா?"

"இல்லண்ணே. கீழ கடை, நடுவுல ஆபீஸ், மேல வீடு. எல்லாம் ஒரே இடத்துல."

"கீழ கடை, மேல வீடுன்னா இப்பவும் அப்படித்தானே இருக்கோம். எங்களை இடிச்சுட்டு எங்களையே எதுக்குக் கட்டுறீங்க?"

அன்றைக்கு மட்டும் மனிதர் உடனே எரிந்துவிட்டார். ஹாலே சிரித்தது. அவளும் சிரித்தாள். பிறகு பொறுமையாக விளக்கினாள். சுவர்களில் விரிசல் விழுந்திருந்தது. ஒரு மழைக்கே சாக்கடை வீட்டுக்குள் வந்தது. தீப்பிடித்தால் தீயணைப்பு வண்டி உள்ளே நுழைய வழியில்லை. எதுவும் பொய்யில்லை. ஆனாலும் யாரும் கையெழுத்துப் போடவில்லை. வீட்டுக்காரர்களில் முக்கால்வாசிப் பேர் ஒப்புக்கொண்டால்தான் வேலை தொடங்க முடியும்.

அவர்களுடைய பயம் என்னவென்று அவளுக்குத் தெரியும். அதற்காகவே ரயில் பாதையை ஒட்டிய ஓரத்தில், எப்படியும் சத்தமாக இருக்கும் இடத்தில், பட்டறைகளுக்கென்று ஒரு தனிக் கட்டடம் வரைந்தாள். தடித்த சுவர், உயரமான கூரை, லாரி வந்து திரும்ப ஒரு சந்து. கட்டுமானக் கம்பெனியிலிருந்து வந்த ஆள் முகத்தைச் சுளித்தார். அவள் விடவில்லை. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் அதையே பேசினாள். கடைசியில் மேலதிகாரி தலையை ஆட்டினார். வரைபடத்தில் அந்தக் கட்டடத்துக்கு அவளே காவி நிறம் அடித்தாள். அன்றைக்கு வீட்டுக்குப் போய்க் கணவனிடம் அதைப் பற்றியே பேசித் தீர்த்தாள்.

மறுநாள் பட்டறைக்குப் போய்த் தம்பியின் மேசையில் விரித்துக் காட்டினாள். அவன் கையைத் துடைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தான்.

"ஒண்ணு கேக்கட்டாக்கா? இந்தப் பின்பக்கக் கட்டடம் நிஜமா வருமா, இல்ல கலர் அடிச்சுக் காட்டுறதோட சரியா?"

"நான் வரைஞ்சதுடா. மேல இருந்து ஒப்புதலாகி வந்திருக்கு. வரும்."

"சரி. நீ சொன்னா சரி."

தேநீரோடு வந்த தம்பி மனைவி, "யானை வாயில போன கரும்பு திரும்பி வருமா என்ன" என்று டம்ளரை வைத்தாள். அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். "எங்க அக்கா அது. கட்சிக்காரங்க கிடையாது."

அன்று சாயங்காலமே பட்டறையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு அவன் கிளம்பினான். அவள் மாதக்கணக்கில் வரைபடத்தோடு ஏறி இறங்கிய அதே வாசல்கள். அவன் கையில் ஒன்றும் இல்லை. ரேடியேட்டர்காரர் கேட்டார்: "உங்க அக்கா அரசாங்க ஆளு, அப்படித்தான் சொல்லுவாங்க. நீ சொல்லுப்பா. நீ அங்க வருவியா?"

"முதல் ஷட்டர் என்னோடதுதான். எனக்கு அடுத்த இடம் உங்களுக்கு."

அப்படித்தான் ஒவ்வொருவராக ஒப்புக்கொண்டார்கள். கடைசியாகப் போட்டவர் டியூப்லைட். "எல்லாரும் போட்டப்புறம் நான் மட்டும் இடிஞ்ச தெருவுல உக்காந்து யாருக்கு மெத்தை தைக்கிறது" என்றார்.

நகரத்தின் ஓரத்தில் கட்டியிருந்த தற்காலிகக் குடியிருப்புக்கு எல்லாரையும் மாற்றினார்கள். குடும்பத்துக்கு ஓர் அறை, தளத்துக்குப் பொதுக் கழிவறை. தம்பி நெடுஞ்சாலை ஓரமாக ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்து மிஷின்களை இறக்கினான். பழைய வாடிக்கையாளர்கள் ஒருவர் இருவர் தேடி வந்தார்கள். பிறகு போனில் நலம் விசாரித்தார்கள். பிறகு அதுவும் இல்லை. "கட்டி முடிக்கிற வரைக்கும்தானே" என்று அவன் தெருக்காரர்களுக்குச் சொன்னான். தனக்கும் சொல்லிக்கொண்டான்.

தெரு தரைமட்டமாகி அடித்தளம் போட்ட பிறகு ஒருநாள் அலுவலகத்தில் திருத்திய வரைபடத்தைத் திரையில் போட்டார்கள். ரயில் பாதையோரக் கட்டடம் இப்போது நீலமாக இருந்தது. தரையில் கார் நிறுத்தம், அதற்கு மேல் உடற்பயிற்சிக் கூடம். முதலில் வேறு ஏதோ திட்டத்தின் படத்தைத் தவறிப் போட்டுவிட்டார்கள் என்றுதான் மேப்பக்கா நினைத்தாள்.

"வீடு வாங்க வர்றவங்க எல்லாரும் அதைத்தான் கேக்குறாங்க மேடம்" என்றார் கம்பெனி ஆள். "கீழ இரும்பு அறுக்குற சத்தம்னா யார் வாங்குவா?"

"அதை நம்பித்தான் அந்த ஜனங்க கையெழுத்துப் போட்டாங்க."

மேலதிகாரி குறுக்கிட்டார். "கடையும் வீடும் குடுக்குறோம்னுதான் எழுதியிருக்கோம். ரெண்டும் குடுக்குறோமே. என்ன மாதிரிக் கடைன்னு அதுல இல்லையே." பேன்சிக் கடை, மருந்துக் கடை, காபிக் கடை, செல்போன் கடை வைக்கலாம். நெருப்பு, சத்தம், புகை வரும் தொழில் கூடாது.

அவள் சும்மா இருந்துவிடவில்லை. ஆட்சேபம் எழுதிக் கொடுத்தாள். மேலதிகாரிக்கும் மேலே இருந்தவர்களைப் போய்ப் பார்த்தாள். உட்காரச் சொன்னார்கள், கேட்டுக்கொண்டார்கள், வாசல் வரை வந்து வழியனுப்பினார்கள். கடைசியில் வேலையை விடுகிறேன் என்று மேலதிகாரியிடமே போய் நின்றாள்.

அவர் கோபப்படவில்லை. "போங்க. நாளைக்கே உங்க சீட்டுக்கு ஒருத்தர் வருவார். அவருக்கு அந்தத் தெருவுல ஒரு ஆளைத் தெரியாது, அதனால தூக்கம் கெடாது. நீங்க இருந்தா அவங்களுக்கு வீடாவது காத்து வர்ற பக்கமாப் பாத்துக் குடுக்கலாம். யோசிச்சுக்குங்க."

யோசித்தாள். இருந்தாள். பல மாதம் முட்டி மோதியதில் ஒன்று கிடைத்தது. பட்டறை வைத்திருந்த ஒவ்வொருவருக்கும் முன்பக்கம் கண்ணாடி போட்ட சின்னக் கடை. பொருளைக் காட்சிக்கு வைக்கலாம், அங்கே செய்யக் கூடாது. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். அதையும் ஒரு வெற்றி என்று அலுவலகத்தில் கைகொடுத்தார்கள்.

கொட்டகைக்குப் போய் அதைத் தம்பியிடம் சொன்னபோது அவன் முதலில் சிரித்தான்.

"செய்யுறது இங்க, காட்டுறது அங்கயா? நான் என்னக்கா நகைக்கடையா வச்சிருக்கேன்?"

அவள் சிரிக்கவில்லை. அவன் சிரிப்பு மெல்ல அடங்கியது. வெல்டிங் ராடைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"பின்பக்கக் கட்டடம்?"

"இல்லடா."

"கொஞ்சம்கூடவா?"

"இல்ல."

தகரக் கூரையில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. "கூட்டம் போட்டு நானே எல்லார்கிட்டயும் சொல்லிடுறேன்" என்றாள்.

"வேணாம். உன் பேச்சைக் கேட்டு அவங்க கையெழுத்துப் போடல. என் பேச்சைக் கேட்டுப் போட்டாங்க."

அன்றைக்கே குடியிருப்புக்குப் போனான். அவளும் கூடப் போனாள், ஆனால் மாடிப்படித் திருப்பத்தோடு நின்றுவிட்டாள். நீண்ட வராந்தாவில் அவன் ஒவ்வொரு கதவாகத் தட்டி அதே சேதியைச் சொல்வது அங்கிருந்து கேட்டது. ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

ரேடியேட்டர்காரர் கேட்டார்: "உனக்கு எத்தனை வீடு குடுத்தாங்க?"

"ஒண்ணுதான். உங்களுக்கு மாதிரியே."

"அக்கா கையில பேனா இருக்கு, ஒண்ணுதானா? யார்கிட்ட காது குத்துற?"

டியூப்லைட் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. "உள்ள வா தம்பி, டீ குடிச்சுட்டுப் போ" என்றார். அவரைக் கடந்து வந்துவிட்டோம் என்று அவனுக்கு ஓர் ஆறுதல். மறுநாள் காலையில் அவர் வந்து தம்பியின் கதவை உதைத்தார். வராந்தா முழுக்கக் கூடிவிட்டது. அவர் வாயில் கெட்ட வார்த்தையை அதுவரை யாரும் கேட்டதில்லை. திட்டித் தீர்த்து, மூச்சு வாங்கி, அந்த வாசலிலேயே குந்திக்கொண்டு அழுதார். தம்பி கதவைத் திறந்து பக்கத்தில் நின்றான். தொடவும் தைரியம் வரவில்லை, உள்ளே போகவும் முடியவில்லை.

அதன்பிறகு அந்தக் குடியிருப்பில் அவனோடு யாரும் பேசவில்லை. அவன் மனைவி பொதுக் குழாயில் வரிசைக்கு நின்றால் பேச்சு நின்றுபோகும்.

கட்டடம் சொன்ன தேதிக்கு வெகுநாள் கழித்து முடிந்தது. தம்பிக்கு ஒன்பதாவது மாடி, காற்று வரும் பக்கம். மேப்பக்கா பார்த்துப் பார்த்து ஒதுக்கியது. தெருக்காரர்களில் பாதிப் பேர் சாவி வாங்கிய கையோடு விற்றுவிட்டுப் போனார்கள். டியூப்லைட் தன் மகள் வீட்டோடு போய்விட்டதாகக் கேள்வி. தம்பி ஒன்பதாவது மாடியிலிருந்து இரண்டு பஸ் மாறிக் கொட்டகைக்குப் போய்வந்தான். ஒருநாள் மிஷின்களைப் பழைய இரும்புக்கு எடைபோட்டுவிட்டு வந்தான். கண்ணாடிக் கடையை ஒரு காபிக் கம்பெனிக்கு வாடகைக்கு விட்டான்.

அதற்குப் பிறகு அவள் முதல்முறையாகப் போனபோது அவன்தான் கதவைத் திறந்தான்.

"வாங்க" என்றான். "உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?"

அவளுக்கு ஒரு கணம் புரியவில்லை. பின்னால் வேறு யாரும் வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள்.

"என்னடா புதுசா, வாங்க போங்கன்னு?"

"புதுசா ஒண்ணும் இல்லையே. வெயில்ல வந்திருக்கீங்க, அதான் கேட்டேன்."

தம்பி மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். அவன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். கையில் பழைய தீக்காயத் தழும்புகள் வெளுத்திருந்தன. எதிர்நாற்காலியின் நுனியில், அதிகாரி முன்னால் உட்காருவதுபோல உட்கார்ந்தான்.

"திட்டணும்னா திட்டிடுடா. ஏதாவது சொல்லு."

"உங்களை எதுக்குத் திட்டணும்? நீங்க நல்லதுக்குத்தான் பண்ணீங்க. அது எல்லாருக்கும் தெரியும்."

அதற்குமேல் அவளால் அங்கே இருக்க முடியவில்லை. லிப்டில் இறங்கும்போது, கதவை முகத்தில் அடித்திருந்தால்கூடத் திரும்பத் தட்டியிருக்கலாமே என்று தோன்றியது.

அலுவலகத்தில் சாக்கடைப் பிரிவுக்கு மாற்றல் கேட்டாள். "ஜனங்களோட நல்லாப் பழகுறீங்க, உங்களைப் போய் யாராவது குழாய்க்குள்ள அனுப்புவாங்களா" என்று மேலதிகாரி அடுத்த பகுதியின் கோப்பை மேசைமேல் வைத்தார். அவள் அதைப் பிரித்தாள். வேறு என்ன செய்ய?

மறுபடி ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒன்பதாவது மாடிக்குப் போனாள். தெரியாத பெண் ஒருத்தி கதவைத் திறந்தாள். இடுப்பில் குழந்தை. வீட்டை வாங்கி மூன்று வாரமாகிறது என்றாள். "அவங்க எங்க போனாங்கன்னு தெரியாதுங்களே. நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

"தெரிஞ்சவங்க" என்றாள் மேப்பக்கா.

கீழே வந்து தம்பி மனைவிக்குப் போன் செய்தாள்.

"வீடு மாத்திட்டோம் அண்ணி. சொல்லணும்னுதான் இருந்தோம்."

"அட்ரஸ் சொல்லும்மா, இப்பவே வர்றேன்."

"அவரைக் கேட்டுட்டு நானே கூப்பிடுறேன் அண்ணி."

கூப்பிடவில்லை. ஒரு மாதம் போல் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு மதியம் அலுவலக மாடிப்படியில் நின்று தம்பிக்கே போன் போட்டாள். அவன் எடுத்தான். பின்னால் கிரைண்டர் ஓடும் சத்தம்.

"வேலையா இருக்கேன். அப்புறமா நானே பேசுறேன், என்ன?"

அவசரத்தில் போனை அணைக்க மறந்துவிட்டான் போலிருக்கிறது. அவள் காதிலேயே வைத்திருந்தாள். இரும்பு அறுபடும் சத்தம் நின்றது. யாரோ ஒரு சின்ன வயதுக் குரல் அதட்டியது. "யோவ், போன் பேசவா கூலி குடுக்குறேன்? அந்தப் பைப்பைப் பிடி."

"இதோ வந்துட்டேன் சார்" என்றான் தம்பி.

அதன்பிறகு இணைப்பு அறுந்துபோனது. அவள் படியிறங்கிப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள். அவன் பேசவில்லை. அவளும் பிறகு கூப்பிடவில்லை.