பிஸ்கட் யார் கையில் தின்னும்

எல்லோருக்கும் வணக்கம். உடம்பெல்லாம் எப்படி இருக்கிறது? குளிர் விட்டதா, முட்டியெல்லாம் சொன்னபடி மடங்குகிறதா? இங்கே ஒஹையோவில் பனி கரைந்து தெருவெல்லாம் சேறு. இந்தச் சேற்றுக் காலத்தில்தான் எங்கள் பக்கத்துச் சந்தைக் கொட்டகையில் பாம்பு விற்பனை ஆரம்பிக்கும். அதைப் பார்த்தாலே வெண்டலின் நினைப்பு வந்துவிடுகிறது. இனிப்பான கதை இல்லை, முதலிலேயே சொல்லிவிட்டேன்.

வெண்டல் டயர் கடையில் வேலை பார்ப்பவன். அவனும் மனைவி ரோண்டாவும் பிரிந்துவிட்டார்கள். ஒரே மகள் கென்ட்ரா, பதினொரு வயது, அம்மாவோடு இருக்கிறாள். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், வெள்ளிக்கிழமை சாயங்காலத்திலிருந்து ஞாயிறு வரைக்கும் அப்பாவோடு இருக்க வேண்டும் என்று கோர்ட் சொல்லியிருந்தது. கோர்ட் சொன்னால் ஆயிற்றா? பிள்ளைக்கு வர மனசு வேண்டாமா? ஒரு தடவை சிநேகிதியின் பிறந்தநாள். ஒரு தடவை கால்பந்து. ஒரு தடவை வெறும் தலைவலி. வந்தாலும் அந்த வாடகை வீட்டில் அவளுக்கு என்ன இருக்கிறது? ஒரு சோபா, ஒரு டிவி, பெட்டியில் வரும் பீட்சா. ஞாயிறு மதியத்துக்கே ஷூவை மாட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிடுவாள்.

அப்படி ஒரு தடவை அவளைக் கொண்டுபோய் விடும்போதுதான் காரில் சொன்னாள்.

"அப்பா, எனக்கு ஒரு போவா வேணும்."

"போவான்னா பாம்பா?"

"ஆமா, போவா கன்ஸ்ட்ரிக்டர். விஷம் கிடையாது. சுத்திக்கிட்டு நெரிக்கும், அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா. உங்கம்மா என்ன சொன்னா?"

"அம்மாவா? டிவியில பாம்பு வந்தாலே எழுந்து போயிடுவாங்க. வீட்டுக்குள்ள பாம்பு வந்தா தான் வெளிய போயிடுவேன்னு சொல்லிட்டாங்க."

வெண்டல் வண்டியை ஓட்டிக்கொண்டே அதை மனசுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நாய்க்குட்டி வாங்கிக் கொடுத்தால் மகளோடு அதுவும் அம்மா வீட்டுக்குப் போய்விடும். பூனையும் அப்படித்தான். பாம்பு போகாது. ரோண்டா அந்த வீட்டில் இருக்கிற வரைக்கும் பாம்பு அவன் வீட்டில்தான் கிடக்கும். பாம்பு கிடக்கிற இடத்துக்கு மகள் வந்துதானே ஆக வேண்டும்? வருஷக்கணக்கில் உயிரோடு இருக்கும் ஜீவன் என்று கென்ட்ரா சொன்னபோது அவனுக்கு வாயெல்லாம் பல்.

அடுத்த முறை அவள் வந்ததும் சந்தைக் கொட்டகைக்கே கூட்டிக்கொண்டு போனான். நீள நீள மேஜைகள். மேஜை முழுக்க மூடி போட்ட பிளாஸ்டிக் கிண்ணங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு குட்டி சுருண்டு கிடக்கிறது. கென்ட்ரா ஒரு மஞ்சள் குட்டியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள் பெயர் வெர்லின். பாம்பு வளர்த்தே தலை நரைத்தவள். "நிறத்தைப் பாத்து மயங்காத கண்ணு," என்றாள். "உனக்கு இதுதானே முதல் பாம்பு? அப்போ சாதுவா, நல்லா தின்னுற குட்டியா பாரு. கையில எடு. நாக்கை நீட்டி நீட்டிப் பாக்குதா? உடம்பு கெட்டியா இருக்கா? மூச்சு விடும்போது சத்தம் வரக் கூடாது. வாயோரம் எச்சில் கூடாது."

கென்ட்ரா ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு, பழுப்பு நிறத்தில் ஒரு ஆண் குட்டியைப் பிடித்துக்கொண்டாள். அது அவள் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு அசையாமல் இருந்தது. முதுகில் இருந்த திட்டுகளைப் பார்த்துவிட்டு அங்கேயே பிஸ்கட் என்று பெயரும் வைத்துவிட்டாள்.

"இது எங்கிட்ட பொறந்த குட்டி. ஐஸ்ல உறைய வச்ச செத்த எலியைக் கரைச்சுக் கொடுத்தா எடுத்துக்கும், பழக்கி வச்சிருக்கேன்," என்றாள் வெர்லின். பிறகு வெண்டல் பக்கம் திரும்பினாள். "ஆம்பளைங்க எல்லாம் முதல் நாளே பெரிய கண்ணாடித் தொட்டி வாங்கிடுறீங்க. வேண்டாம். வெட்ட வெளியில விட்டா குட்டி பயப்படும். சின்னப் பெட்டி போதும். ஒரு பக்கம் சூடு, ஒரு பக்கம் குளிர்ச்சி. ரெண்டு பக்கமும் ஒளிஞ்சுக்க இடம். மூடிக்குப் பூட்டு. பூட்டை மறந்தீங்கன்னா காலையில அது உங்க தலையணையில இருக்கும்."

"எவ்வளவு நாளைக்கு ஒரு தடவை சாப்பாடு?" என்று கேட்டான் வெண்டல்.

"ரெண்டு வாரத்துக்கு ஒண்ணு போதும். அது உடம்பு எவ்வளவு தடிமனோ அந்தத் தடிமன் எலி. தின்ன பிறகு ரெண்டு நாள் தொடக் கூடாது, கக்கிடும். சிலது நடுவுல கொஞ்ச நாள் தின்னாம வாயை மூடிக்கும். அதுக்குப் பதறாதீங்க."

இரண்டு வாரத்துக்கு ஒன்று. வெண்டலுக்குக் காதில் தேன் விழுந்த மாதிரி இருந்தது. கோர்ட்டும் பாம்பும் பேசி வைத்துக்கொண்ட மாதிரி அல்லவா இருக்கிறது?

நல்ல மாதிரியாகத்தான் ஆரம்பித்தது, குறை சொல்லக் கூடாது. சோபாவை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் பெட்டியை வைத்தார்கள். அடியில் சூடேற்றும் பாய், சூடு அளவு மீறாமல் பார்த்துக்கொள்ள ஒரு தெர்மோஸ்டாட், மேலே தேங்காய் நார்த்தூள், கனமான தண்ணீர்க் கிண்ணம். கென்ட்ரா தெர்மோஸ்டாட்டின் ஒயரைப் பெட்டியின் அடியோடு ஒட்டி, சூட்டைக் கை வைத்துப் பார்த்து, கழற்றி மறுபடி ஒட்டினாள். வெள்ளிக்கிழமை பிஸ்கட்டைக் கையில் எடுத்து விளையாடுவாள். ஞாயிறு மதியம் எலியை வெந்நீரில் போட்டுச் சூடாக்கி, நீள இடுக்கியில் பிடித்து ஆட்டுவாள். பிஸ்கட் சட்டென்று பாய்ந்து கவ்விச் சுற்றிக்கொள்ளும். அவள் மூச்சை விடாமல் பார்த்துக்கொண்டிருப்பாள். அவன் அவளைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஷூ மாட்டிக்கொண்டு வாசலில் உட்காருவதெல்லாம் போயே போச்சு.

ஒரு வெள்ளிக்கிழமை போன் வந்தது. "அப்பா, இந்தத் தடவை வரல. பிரின்லி வீட்டுல எல்லாரும் தங்கறோம். பிஸ்கட்டுக்கு நீ சாப்பாடு போட்டுடு."

வெண்டல் வாயைத் திறந்தபோது வேறொன்று வந்தது. "போட்டுப் பார்த்தேன்டா. முகத்தைத் திருப்பிக்குது. உன் கைக்குப் பழகிடுச்சு போல."

"நெஜமாவா?"

"எங்கிட்ட எடுக்கவே மாட்டேங்குது. நீ வந்தா எடுக்கும்னு நினைக்கிறேன்."

சாயங்காலமே வந்து இறங்கிவிட்டாள். இடுக்கியை நீட்டினாள், பிஸ்கட் கவ்வியது. பசித்த பாம்பு கவ்வாமல் என்ன செய்யும்? ஆனால் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "அப்பா, என்னைத் தெரியுது அதுக்கு," என்றாள். பள்ளிக்கூடத்தில் அத்தனை பேரிடமும் சொல்லியிருக்கிறாள், அவள் கையில் மட்டும்தான் பிஸ்கட் தின்னும் என்று. டீச்சர் வகுப்பு முன்னால் நிறுத்திப் பேசக்கூடச் சொன்னாளாம்.

ஒரு தடவை பலித்தது அவனுக்குப் போதவில்லை. அதன் பிறகு அவள் தயங்கும்போதெல்லாம் அதையே சொன்னான். பொய் என்று தனக்குத் தெரியக் கூடாது என்பதற்காக எலியை வெளியே எடுப்பதையே நிறுத்திவிட்டான். தின்னவில்லை என்றுதானே சொல்கிறேன், தின்னவில்லைதானே? இப்படியெல்லாம் மனசு வேலை செய்யும், பாருங்கள்.

வேனிலில் ரோண்டா மகளைக் கூட்டிக்கொண்டு ஃப்ளோரிடாவில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போனாள். கென்ட்ரா அப்பாவிடம் வர வேண்டிய வாரம் ஒரு முறை தள்ளிப்போயிற்று, இன்னொரு முறை, மறுபடியும் ஒரு முறை. கென்ட்ரா அங்கிருந்து போன் செய்து அழுவாள். "இன்னிக்காவது எடுத்துச்சா அப்பா?" அவனும், "இல்லடா, உனக்காகக் காத்துக்கிட்டிருக்கு," என்பான். பிஸ்கட் ராத்திரியெல்லாம் பெட்டிக்குள் அலைந்து மூக்கால் மூடியை முட்டியது. சத்தம் கேட்காமல் இருக்க டிவியை உரக்க வைத்துக்கொண்டான். இன்று போட்டுவிடலாம் என்று ஃப்ரீசர் வரைக்கும் போவான். போட்டுவிட்டால் அவளிடம் சொல்ல என்ன இருக்கும்? திரும்பி வந்து உட்கார்ந்துவிடுவான்.

அவள் வந்தபோது பிஸ்கட்டின் முதுகெலும்பு கூரை மாதிரி நிமிர்ந்து நின்றது. தோல் தொளதொளவென்று மடிந்திருந்தது. இவ்வளவு நாள் பட்டினி கிடந்த குடலுக்குச் சின்னதாகத்தான் கொடுக்க வேண்டும் என்று, கென்ட்ரா ஃப்ரீசரில் இருந்ததிலேயே சிறிய எலியைத் தேடி எடுத்தாள். பிஸ்கட் பாய்ந்த வேகத்தில் இடுக்கி கையிலிருந்து தெறித்தது.

மறுநாள் காலையில், "வெர்லின் கிட்ட போகலாம்," என்றாள். "நான் வராதப்ப அது பட்டினி கிடக்கக் கூடாது. உங்கிட்டயும் தின்ன என்ன பண்ணணும்னு கேக்கலாம். வழியே இல்லன்னா அவங்ககிட்டயே கொடுத்துடறேன்."

"அதெல்லாம் வேண்டாம்டா, அடுத்த தடவை பாத்துக்கலாம்."

"செத்துப்போச்சுன்னா?"

அவன் கார்ச் சாவியை எடுத்தான். கொட்டகையில் வெர்லின் அதே மேஜையில் உட்கார்ந்து டோனட் தின்றுகொண்டிருந்தாள். கென்ட்ரா எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். வெர்லின் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"கண்ணு, அதுக்கு உன் கையும் தெரியாது, உங்கப்பா கையும் தெரியாது. சூடு தெரியும், எலி வாசனை தெரியும். சூடா ஒரு எலியைத் தபால் பெட்டியில மாட்டி வச்சாலும் வந்து கவ்வும்."

"என் கையில மட்டும்தான் எடுக்குது."

"அப்போ உங்கப்பா எலியைச் சரியாச் சூடு பண்ணல. எப்படிக் கொடுத்தீங்க ஸார்? வெந்நீர்ல எவ்வளவு நேரம் போட்டீங்க?"

வெண்டல் மேஜையில் இருந்த கிண்ணங்களைப் பார்த்தான்.

"கொடுத்ததைத் திருப்பி ஃப்ரீசர்ல வைக்கலியே? ஒரு தடவை கரைச்சதைத் தூக்கிப் போட்டுடணும்."

கென்ட்ரா அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். அவள் மெதுவாகத்தான் பேசினாள். "ஃப்ரீசர்ல எலி எதுவும் குறையலியே. ஊருக்குப் போறதுக்கு முன்னால நாம வாங்கிப் போட்ட அத்தனையும் அப்படியே இருந்துச்சே."

வெர்லின் டோனட்டை எடுத்துக்கொண்டு பக்கத்து மேஜைக்கு எழுந்து போய்விட்டாள்.

கார் பாதி தூரம் வந்திருக்கும். கென்ட்ரா கேட்டாள். "நீ கொடுத்தே பாக்கலியா?"

"நீ வரணும்னுதான்டா."

"எனக்கு வரணும்னுதான் இருந்துச்சு. அம்மாதான் டிக்கெட் போட்டாங்க." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அப்போ என்னையும் அதுக்குத் தெரியாது இல்ல?"

பட்டினி போட்டதைக்கூட அவள் என்றைக்காவது மறந்துவிடுவாளாக இருக்கும். இதை மறப்பாளா?

வீட்டுக்கு வந்ததும் அம்மாவுக்குப் போன் செய்தாள். ரோண்டா காரை வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தாள், இறங்கவில்லை. கென்ட்ரா பெட்டி முன்னால் குந்தி உட்கார்ந்து, தண்ணீரை மாற்றி, பூட்டை இழுத்துப் பார்த்தாள்.

"ரெண்டு நாள் தொடாத. அடுத்த எலியும் சின்னதாப் போடு. எலி போட்டதும் போட்டோ அனுப்பு. பிஸ்கட்டைத் தராசுல வச்சு எடை தெரியற மாதிரி ஒண்ணு, தின்னும்போது ஒண்ணு."

"நீ அடுத்த தடவை வரும்போது..."

"போட்டோ அனுப்புப்பா."

சொன்ன நாளில் வெண்டல் எலியை வெந்நீரில் போட்டான். இடுக்கியில் பிடித்து நீட்டினான். நீட்டி முடிப்பதற்குள் பிஸ்கட் கவ்விச் சுற்றிவிட்டது. அவசரத்தில் எடுத்த போட்டோ கலங்கலாக வந்தது. அனுப்பினான். "தெளிவா இல்ல" என்று பதில் வந்தது. வேறொன்று எடுத்து அனுப்பினான். "சரி" என்று வந்தது.

அவளுடைய வாரம் வந்தது, அவள் வரவில்லை. ரோண்டாவுக்குப் போன் செய்து கோர்ட் உத்தரவு என்று ஆரம்பித்தான். "போலீஸைக் கூப்பிட்டு இழுத்துட்டுப் போறியா வெண்டல்? தாராளமா செய்," என்றாள் அவள். அவன் செய்யவில்லை.

பிஸ்கட் இப்போது அவன் முன்கைத் தடிமனுக்கு வந்துவிட்டது. பெரிய பெட்டிக்கு மாற்றியிருக்கிறான். தப்பாமல் எலி போடுகிறான், தப்பாமல் போட்டோ அனுப்புகிறான், அவளும் தப்பாமல் "சரி" என்று அனுப்புகிறாள். மற்றபடி ஒரு வார்த்தை கிடையாது.

உங்கள் வீட்டுப் பக்கமும் இப்படி ஒரு வாயில்லா ஜீவனைக் காட்டிப் பிள்ளையை இழுத்துப் பிடிக்கப் பார்த்தவர்கள் இருப்பார்கள். போன பிள்ளை திரும்பி வந்ததா, வந்தால் என்ன சொல்லிக்கொண்டு வந்தது? தெரிந்தவர்கள் எழுதுங்கள். நல்லபடியாக முடிந்தது ஒன்றாவது இருந்தால் அதைக் கட்டாயம் எழுதுங்கள்.