மாடியிலிருந்து இறங்கிய கார்

கீழே வருவதில் ஒரு சொல்லைக்கூடக் கூட்டவில்லை, குறைக்கவில்லை, இது சத்தியம். குவைத்தின் ஷுவைக் பட்டறைத் தெருக்களில் இதற்கு நாற்பது சாட்சிகள் இருக்கிறார்கள். அதில் ஆறு பேர் பொய்யே சொல்லாதவர்கள் என்று மற்ற முப்பத்து நாலு பேரும் சொல்கிறார்கள். இதற்கு மேல் என்ன வேண்டும்?

அர்தியாவில் குடியிருக்கும் பர்ராக்குக்கு அந்த ஆகஸ்டில் ஐம்பத்தொரு வயது. அமைச்சகம் ஒன்றின் தபால் பிரிவில் வேலை. பத்தொன்பது வருடமாக, வீட்டு வாசலில் போட்ட கொட்டகைக்குக் கீழே ஒரு ஜப்பான் காரைச் செய்துகொண்டிருந்தார். வெள்ளை நிறம், இரண்டே கதவு. வாங்கும்போது அது நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை.

முதலில் எஞ்சினை மாற்றினார். பிறகு அந்த எஞ்சினுக்கு டர்போ. டர்போவுக்கு ஈடுகொடுக்க கியர்பாக்ஸ், ஸ்பிரிங், பிரேக், சீட்டு. நாலாவது வருடம், பாரத்தைக் குறைக்க வேண்டும் என்று ஏ.சி.யைக் கழற்றிவிட்டார். குவைத்தில், ஆகஸ்டில், ஏ.சி. இல்லாத கார். ஸ்டியரிங்கைப் பிடிக்க மனைவி மௌதியின் அடுப்படிக் கையுறைகளைப் போட்டுக்கொண்டார். காரில் பதினோரு கிலோ குறைந்தது. முதல் ஓட்டத்தில் அவரிடம் இரண்டு கிலோ குறைந்தது. இரண்டையும் லாபத்தில்தான் சேர்த்தார்.

பர்ராக்குக்கு இருந்த ஒரே பெருமை அவருடைய கண். மற்றவர்கள் அளவுகோல் வைத்துப் பார்ப்பதை அவர் வாசற்படியிலிருந்தே பார்த்துவிடுவார். போன குளிர்காலத்தில் அப்படித்தான், கையில் தேநீரோடு நின்றவர் இடது கதவுக்கும் பாடிக்கும் நடுவே இடைவெளி மூன்று மில்லிமீட்டர் அதிகம் என்று கண்டுபிடித்தார். ஷுவைக்கில் பட்டறை வைத்திருக்கும் எகிப்துக்கார மேஸ்திரி உஸ்தா ஸித்கி டார்ச் அடித்துப் பார்த்தார், கண்ணாடி போட்டுப் பார்த்தார், சொந்த ஊரான தன்தாவிலிருக்கும் தம்பிக்கு வீடியோவில் காட்டியும் பார்த்தார்.

"பாஷா, இல்லாத இடுக்கை எப்படி அடைக்கிறது?"

"உனக்குத் தெரியலைன்னா இல்லைன்னு ஆயிடுமா?" என்றார் பர்ராக். முழு பாடியையும் மாற்றிவிட்டார். பழைய பாடியைக் கிரேன் வைத்து மொட்டை மாடிக்கு ஏற்றினார்கள். மறு வாரமே ஒரு ஜோடிப் புறா அதில் குடிவந்துவிட்டது.

வருடத்துக்கு ஒரு முறை காரைச் சோதனை மையத்தில் காட்டியாக வேண்டும். காட்டும்போது அது தொழிற்சாலையிலிருந்து வந்த கோலத்தில் இருக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு ஆகஸ்டிலும் பர்ராக் தான் செய்ததையெல்லாம் கழற்றி, ஏ.சி. தவிர பழசையெல்லாம் மாட்டி, போய்க் காட்டி, தாள் வாங்கிவந்து, பழசைக் கழற்றி, புதுசை மாட்டுவார். கழற்ற ஒன்பது நாள், மாட்ட ஒன்பது நாள். மாட்டி முடித்த பிறகு ஓட்டிப் பார்க்கத் தெம்பிருக்காது. முந்நூறு கிலோமீட்டர் வேகம் போகக்கூடிய அந்தக் கார் பத்தொன்பது வருடத்தில் ஓடியதெல்லாம் சோதனை மையத்துக்குப் போய்வந்த ஓட்டம்தான். அதுவும் சாதாரணக் காராக வேடம் போட்டுக்கொண்டு, நாற்பதில்.

இந்த வருடம் இரண்டு தேதிகள் தவறிப்போயின. மூன்றாவது தேதி வியாழக்கிழமை. அன்றும் தேறாவிட்டால் பதிவு ரத்து. பிறகு அது கார் அல்ல, இரும்பு. ஞாயிறு சாயங்காலம் பர்ராக் ஸ்பானரோடு கொட்டகைக்கு வந்து முக்காலியில் உட்கார்ந்தார். எழுந்திருக்க முடியவில்லை. நோய் ஒன்றும் இல்லை. முட்டி, முதுகு, மனசு எல்லாம் சேர்ந்து சொல்லிவைத்த மாதிரி வேண்டாம் என்றன. கையிலிருந்த ஸ்பானரை ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு, மௌதி கைகொடுத்துத் தூக்கிவிட, உள்ளே போய்ப் படுத்துவிட்டார்.

திங்கட்கிழமை மௌதியின் தம்பி ஃபைஹான் வந்தான். அவன் வருவது மூன்று தெரு முன்னாலேயே தெரியும். அவன் காரும் அதே ஜப்பான் கார், அதே வருடம். ஆனால் அவன் அதைச் செய்யவில்லை. யாரோ செய்து முடித்ததை ஒரு செவ்வாய்க்கிழமை, இரண்டு கப் தேநீர் குடிக்கிற நேரத்தில் வாங்கிவந்துவிட்டான். அது உறுமுகிற சத்தத்தில் பக்கத்து வீட்டுப் பேரீச்சையிலிருந்து குலை குலையாகப் பழம் உதிர்ந்தது. ஆள் ஏற்றிப் பறிக்கிற கூலி மிச்சம் என்று பக்கத்து வீட்டுக்காரர் அவனுக்கு ஒரு தட்டுப் பழம் அனுப்பினார்.

"பூ ஜர்ராஹ்!" என்றபடி வந்தான் ஃபைஹான். 'ஜர்ராஹின் அப்பா' என்று மூத்த மகன் பெயரைச் சேர்த்து இவ்வளவு மரியாதையாக அவன் கூப்பிட்டால் ஏதோ கேட்கப்போகிறான் என்று அர்த்தம்.

"சொல்லு. என்ன வேணும்?"

"ஒண்ணும் இல்ல மச்சான். உங்க பழைய சாமானெல்லாம் ரெண்டு நாளைக்கு வேணும். சைலன்சர், ஸ்பிரிங், பம்பர், எஞ்சின்... அவ்வளவுதான்."

"கொஞ்சம் உப்பு வேணும்கிற மாதிரி கேக்கிறே. உன் காரோட பழைய சாமான் எங்க?"

"வித்தவன் தரலையே. கேட்டதுக்கு, 'எல்லாம் கார்லயே இருக்கு தம்பி, வேற என்ன வேணும்'னான். எனக்கும் சரின்னு பட்டுச்சு."

"சோதனை என்னிக்கு?"

"சனிக்கிழமை. உங்களுக்கு?"

"வியாழன்."

"அப்ப நீங்க முடிச்சதும் கழட்டிக் குடுங்க. நான் அவசரப்படுத்தல," என்றான் ஃபைஹான் பெருந்தன்மையாக.

பர்ராக் அவனை நிமிர்ந்து பார்க்கக்கூட இல்லை. "டேய், செஞ்ச காரை வாங்கறதுங்கிறது இன்னொருத்தன் கல்யாண போட்டோல நீ போய் நிக்கிற மாதிரி. கடைசியில பொண்ணு யார் கூடப் போகும்?"

"பத்தொன்பது வருஷமா மாப்பிள்ளை அங்கிய மாட்டிக் கழட்டிட்டு இருக்கிறதுக்கு இது தேவலை, மச்சான்."

அப்போது தேநீரோடு வந்த மௌதி தம்பிக்கு ஒரு கப்பும் கணவருக்கு ஒரு பார்வையும் கொடுத்தாள். "எல்லாத்தையும் இவன்கிட்டயே குடுத்துத் தொலைங்க. கட்டிலுக்கு அடியில பம்பர். ஆம்பளைங்க கூடி உக்கார்ற திவானியால வர்றவன் எல்லாம் கால் வைக்கிறது சைலன்சர் மேல. குளியலறையில கியர்பாக்ஸ், அதுக்கு நான் வாரா வாரம் துண்டு மாத்துறேன். ஏ.சி. பெட்டி துணி அலமாரியில. எஞ்சின் பெரியவன் ரூம்ல, அவன் அதுமேலதான் பரீட்சைக்குப் படிச்சான். ஒரு முழுக் காரு வீட்டுக்குள்ள குடியிருக்கு. நான்தான் வாடகைக்கு இருக்கேன்."

பர்ராக் தேநீரை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார்.

"என்ன சொன்னே?"

"வாடகைக்கு இருக்கேன்னேன்."

"அதுக்கு முன்னாடி."

"முழுக் காரு..."

பர்ராக் எழுந்தார். இருபத்து நாலு மணி நேரத்தில் அவர் தாமாக எழுந்தது அதுதான் முதல் தடவை. பதிவு அட்டையை எடுத்துவந்து, கொட்டகையில் நின்ற காரின் சேசிஸ் நம்பரோடு ஒத்துப்பார்த்தார். ஒரு எழுத்துகூடப் பொருந்தவில்லை. பொருந்துமா? நம்பர் இருப்பது பாடியில். அந்த பாடி மாடியில். பத்தொன்பது வருடம் பார்த்துப் பார்த்துச் செய்த கார் அரசாங்கத்தின் எந்தக் காகிதத்திலும் இல்லை. மூன்று மில்லிமீட்டரைப் பார்த்த கண் இதைப் பார்க்கவில்லை.

நியாயமாகப் பார்த்தால் அவர் இடிந்துபோயிருக்க வேண்டும். ஆனால் இடிவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும். "ஃபைஹான், கிரேன்காரனுக்கு போன் போடு" என்று மட்டும் சொன்னார்.

பழைய பாடி இறங்கியது. பின்சீட்டு இருக்க வேண்டிய இடத்தில் பெண்புறா முட்டையின் மேல் உட்கார்ந்திருந்தது. கிரேன் ஆடியபோதும் அது அசையவில்லை. உதவிக்கு வந்திருந்த உஸ்தா ஸித்கி அதை எட்டிப் பார்த்தார், அதுவும் அவரைப் பார்த்தது. "இதைச் சுத்தித்தான் வேலை செய்யணும், பாஷா. முடிவெடுத்துட்ட பொம்பளை" என்றார்.

மூன்று நாள் மூன்று பேரும் மாட்டினார்கள். எதையும் கழற்ற வேண்டியதில்லை. அதுவே பர்ராக்குக்கு விடுமுறை போல இருந்தது. ஒவ்வொரு சாமானும் வீட்டுக்குள்ளிருந்து வெளியே போகப் போக, மௌதி பின்னாலேயே துடைப்பத்தோடு வந்தாள். கார் வாங்கிய நாளிலிருந்து ஒரு போல்ட்டைக்கூட முறுக்கியிராத ஃபைஹான் புதன்கிழமை முதல் போல்ட்டை முறுக்கினான். அது உடைந்தது. இரண்டாவது நின்றது.

வியாழன் காலை, சோதனை மையம். அதிகாரி காரை ஒரு சுற்று வந்தார். நம்பர் பார்த்தார், பொருந்தியது. சத்தம் கேட்டார், கேட்கவே இல்லை. பின்னால் குனிந்தார்.

"இது யாரு?"

"பாடியோட வந்தது" என்றார் பர்ராக்.

"நீங்க மாட்டினது இல்லையே?"

"இல்லை. அதுவா உக்காந்தது."

அதிகாரி கொஞ்சம் யோசித்தார். தொழிற்சாலைக்குப் பிறகு உரிமையாளர் மாட்டியதுதான் தவறு. தானாக வந்து உட்கார்ந்ததற்கு விதி எதுவும் இல்லை. தாளில் முத்திரை விழுந்தது.

திரும்பும்போது பர்ராக் ஏ.சி.யைத் திருகினார். பதினைந்து வருடமாகத் துணி அலமாரியில் கிடந்த அது, துணிக்கு வைக்கும் ஊதுபத்தி வாசனையோடு குளிர்ந்தது. கையுறையைக் கழற்றினார். ஸ்டியரிங் சுடவில்லை. அர்தியா திருப்பம் வந்தது, திரும்பவில்லை. கடற்கரைச் சாலையில் ஐம்பதில் போனார். யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவரும் எந்தச் சத்தத்துக்கும் காது கொடுக்க வேண்டியிருக்கவில்லை. பத்தொன்பது வருட அலுப்பு முதுகிலிருந்து மெதுவாக இறங்கி சீட்டில் படிந்தது. புறா பின்னால் ஒரு முறை குனுகிவிட்டு அடங்கியது.

வீட்டு வாசலில் ஃபைஹான் ஸ்பானரோடு நின்றான். இப்போது அவனுக்கு அதைப் பிடிக்கத் தெரிந்திருந்தது.

"வாங்க பூ ஜர்ராஹ். சைலன்சர்ல இருந்து ஆரம்பிப்போமா?"

பர்ராக் இறங்கவில்லை. கண்ணாடியைப் பாதி இறக்கினார். குளிர் வீணாகிவிடும் அல்லவா?

"இதுல ஒரு திருகாணியக்கூட இனிமே கழட்ட மாட்டேன்டா."

"வாக்கு குடுத்தீங்களே, மச்சான்!"

"நீதானே குடுங்கன்னே? நான் எங்க சரின்னேன்? கொட்டகையில நிக்கிற காரை நீயே எடுத்துக்கோ."

"அதுக்குக் காகிதமே இல்லையே. என்னோடது சனிக்கிழமை தேறாது. அது என்னிக்குமே தேறாது."

"உனக்குச் செஞ்சு முடிச்ச கார்தானே பிடிக்கும்? அது இன்னிக்குத்தான் செஞ்சு முடிஞ்சுது."

ஃபைஹான் கொட்டகையைத் திரும்பிப் பார்த்தான். அதுவும் தன்னுடையதுமாக இரண்டு கார்கள், எழுநூறு குதிரை சக்தி ஒவ்வொன்றும், தெருவில் இறக்க முடியாதவை. "சாவி எங்க?" என்று கேட்டான்.

வாரத்தின் முதல் வேலை நாளான ஞாயிற்றுக்கிழமை பர்ராக் அந்தச் சாதாரணக் காரில் அலுவலகம் போனார். நிறுத்திவிட்டு நடந்தவர் பழக்கத்தில் ஒரு முறை திரும்பினார். இடது கதவுக்கும் பாடிக்கும் நடுவே அதே இடைவெளி இருந்தது. "மூணு மில்லி," என்றார் தமக்குள். "இருந்துட்டுப் போகட்டும்." உள்ளே போய்விட்டார்.

பர்ராக்குக்கு இன்றுவரை ஓட்டுநர் உரிமம் கிடையாது. இருபது வயதிலேயே கண் பரிசோதனையில் தேறவில்லை.